ஐந்தாம் நாள் பாட்டில்

காபி நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர். காய்ச்சிய தண்ணீர்தானே? கேட்டுக்கொள்வது நல்லது.

என்னைக் கோபக்காரன் என்று யாரும் சொன்னதில்லை. ஆயுசு முழுக்க லேபில் அழுக்குத் தண்ணீரைச் சோதித்தவனுக்குப் பொறுமைதான் தொழில். பாட்டிலில் தண்ணீர் பிடித்து, இறுக மூடி, இருட்டுப் பெட்டியில் ஐந்து நாள் வைக்க வேண்டும். உள்ளே இருக்கும் கிருமிகள் அழுக்கைத் தின்று எவ்வளவு ஆக்சிஜனைத் தீர்த்திருக்கின்றன என்று அப்புறம் பார்க்க வேண்டும். அதற்குமுன் வாயைத் திறக்கக் கூடாது. அது எங்கள் ஒழுக்கம்.

எங்கள் விவேக் நகர் அபார்ட்மென்ட்டின் குடிதண்ணீர் சம்ப்பில் நிக்கோல் ஒரு மெஷின் மாட்டினாள். இரண்டாவது மாடிப் பெண், இன்ஜினியர். அதற்குள்ளும் கிருமிகள்தான், ஒரு சவ்வில் ஒட்டவைத்தவை. தண்ணீரில் அழுக்கு வந்தால் அவை தின்று மூச்சு வாங்கும், கால் மணியில் சிவப்பு விளக்கு எரியும். இல்லாவிட்டால் பச்சை. திறப்பு விழாவுக்கு, குழந்தை இயேசு கோயில் திருவிழாவே தோற்றுப்போகும் கூட்டம். சாமியார் தீர்த்தம் தெளித்தார். கிருமிகளுக்கு ஞானஸ்நானம்.

"உங்க பாட்டில் ரிசல்ட் வர்றதுக்குள்ள நாங்கல்லாம் கல்லறைக்கே போயிடுவோம், அங்கிள்" என்றாள் நிக்கோல். கூட்டம் சிரித்த சிரிப்பு அல்சூர் ஏரி வரை கேட்டிருக்கும். என் முழு ஆயுசையும் ஒரு சிரிப்பில் துடைத்துப் போட்டார்கள். எல்லாரையும்விட அதிகம் சிரித்தது கீழ்வீட்டு ஜோசஃபின். ஞாயிறுதோறும் எனக்கு மீன் குழம்பு கொடுத்தனுப்புகிறவள். வயிறு எரிந்தது. குழம்பினால் அல்ல.

அனுபவசாலி என்று மெஷின் சாவியை என்னிடமே கொடுத்தார்கள். வாராவாரம் கிருமிகளுக்குச் சர்க்கரைத் தண்ணீர் காட்டி, உயிரோடு இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நான் பிளீச்சிங் காட்டினேன். செத்த கிருமி எதையும் தின்னாது. எதுவும் தின்னப்படவில்லை என்றால் தண்ணீர் சுத்தம் என்பது மெஷினின் புத்தி. பச்சை எரிந்துகொண்டே இருந்தது. அதை நம்பி எல்லாரும் கேன் தண்ணீர் வாங்குவதையே நிறுத்தினார்கள்.

மழைக்குப் பிறகு பக்கத்துச் சாக்கடைக் குழாய் உள்ளே கசிந்தது. சம்ப் மூடியைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. ஊருக்கு வெளியே சந்தாபுராவில் சாக்கடை உடைந்தால் இங்கே சுளிக்கும் மூக்கு என்னுடையது. எனக்கு ஒரு கேன் வாங்கிக்கொண்டேன். பாட்டிலில் சம்ப் தண்ணீர் பிடித்து இருட்டில் வைத்தேன்.

மறுநாள் ஜோசஃபின் படியில் நிறுத்தினாள். "சிரில் அண்ணா, தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குதே. குடிக்கலாமா?"

"பச்சை லைட்டு எரியுதேம்மா. மெஷினைவிட என் மூக்கு பெருசா?"

சிரித்துக்கொண்டே குடத்தை நிரப்பப் போனாள்.

தண்ணீரில் நான் எதையும் கலக்கவில்லை. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டிடம் முழுக்க வாந்திபேதி. ஜோசஃபினை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பாட்டிலுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

ஐந்தாம் நாள் காலை மருந்து ஊற்றினேன். ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகும். வெள்ளையாகவே நின்றது; கிருமிகள் ஒரு துளி விடாமல் தீர்த்திருந்தன, அத்தனை சாக்கடை. மாலையில் பாட்டிலைக் கைக்குட்டையில் சுற்றி அடக்கத்துக்கு எடுத்துப்போய் நிக்கோலிடம் காட்டினேன். என் முகத்தையே பார்த்தாள்; ஒரு வார்த்தை பாராட்டவில்லை. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தோல்வியை ஒப்புக்கொள்ளத் தெரிவதில்லை.

அவள் அன்று சொன்னதும் தப்புத்தான், இன்ஸ்பெக்டர். எல்லாருமா கல்லறைக்குப் போனார்கள்? ஜோசஃபின் மட்டும்தானே.