இன்னும் ஒரு பூச்சு

கைய எடுங்க. தொடக் கூடாது. பாக்கணும்னா கண்ணால பாருங்க. மூக்குக் கண்ணாடிக் கடைதானே வச்சிருக்கீங்க.

உக்காருங்க. அந்த நாற்காலி வேணாம், அது பாப்பாவோடது. இன்னொண்ண இழுத்துப் போட்டுக்கங்க. அவ உள் ரூம்ல புடவை கட்டி, தலை சீவி, தயாராத்தான் இருக்கா. நீங்க கூப்பிட்டா வரமாட்டா. உங்ககிட்டயும் சொல்லிட்டாளா? என்னன்னு சொன்னா? அதேதான். அண்ணன் தன் கையால கல்யாணக் கேக்குக்கு கிரீம் பூசி முடிச்சு, கிளம்பு பாப்பான்னு வாயால சொன்னாத்தான் வாசப்படி தாண்டுவேன்னுட்டா. இந்தத் தெருவுல ஒரு பிறந்த நாளு, ஒரு கல்யாணம் விடாம கேக் போட்டுக் குடுத்தவ. தன் கல்யாணத்துக்குத் தானே போட்டுக்கிட்டா நல்லாருக்காதாம். அறுபது வயசுல மாலை மாத்திக்க வெக்கமில்ல, மாவு பிசையத்தான் வெக்கம்.

வண்டி நிக்குதா? நிக்கட்டும். ரிஜிஸ்டர் ஆபீஸ் எங்கயும் எந்திரிச்சு ஓடாது.

எதுக்குங்க ஃபிரிட்ஜயே பாக்குறீங்க? மேல இருக்கிற கடிகாரமா? அது நின்னு போச்சு. நேத்துல இருந்து. பேட்டரி எங்கன்னா எனக்கென்ன தெரியும்?

ஒண்ணு கேக்கணும். ஒரு மூக்குக் கண்ணாடிய எத்தன தடவைங்க சரி பண்ணுவீங்க? பாப்பா காது வலிக்குதுன்னு உங்க கடைக்கு வந்தா, சரி. மூக்குல வழுக்குதுன்னு வந்தா, அதுவும் சரி. அப்புறம் ஸ்க்ரூ லூசுன்னு கிளம்பினா பாருங்க, அன்னைக்குத்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. முந்தின நாள் ராத்திரி நானே திருகிப் பாத்தேன். இறுக்கமா இருந்துச்சு. அப்ப யாரு லூசாக்குனது? அவளா, நீங்களா? சிரிக்காதீங்க. சிரிக்கிற ஆள நான் நம்புறதில்ல.

இந்தப் பட்டி பிளேடு புதுசுதான், பயப்படாதீங்க. வண்டில பட்டதில்ல. நான் கார் ஷெட்டுல பட்டி பூசுற வேலை பாத்தவன். இடிபட்ட கார்ல பள்ளத்த நிரப்பி, இழுத்து, தேச்சுக் குடுத்தா, ஓனரே தடவிப் பாத்தாலும் எங்க இடிச்சோம்னு தெரியாது. அந்தக் கைக்கு இந்த வெண்ணெயும் சக்கரையும் ஒரு பெரிய விஷயமான்னு நெனச்சேன். மொத கேக்குக்குப் பூசிட்டு, ஷெட்டுல பட்டி இறுக லைட் கட்டுவோமே, அதே மாதிரி ஒரு குண்டு பல்ப பக்கத்துல இழுத்து வச்சுட்டு டீ குடிக்கப் போயிட்டேன். வந்து பாத்தா, சளி பிடிச்ச பிள்ளை மூக்காட்டம் ஒழுகிக்கிட்டு நிக்குது. பாப்பா கதவு சந்துல பாத்தா. கதவச் சாத்திக்கிட்டு சிரிச்சா. ரொம்ப நேரம் சிரிச்சா. அப்புறம்தான் உள்ள இருந்தே கத்துறா, அண்ணா, பட்டிக்குச் சூடு, இதுக்குக் குளிருன்னு.

ஆமா, மொதல்ல மெல்லிசா ஒரு பூச்சு. அது அழகுக்கு இல்ல, உதிர்ற தூள அமுக்கிப் பிடிக்க. அப்படியே ஃபிரிட்ஜுல வச்சுரணும். விரல்ல ஒட்டாத பதம் வந்தப்புறம் வெளிய எடுத்துக் கனமா அப்பணும். பிளேட வெந்நீர்ல முக்கி, ஈரத்தத் துடைச்சு, சும்மா பிடிச்சுக்கிட்டு நிக்கணும். கை அசையக் கூடாது. கேக் வச்ச தட்டத்தான் சுத்தணும். ஏன் தலையாட்டுறீங்க? உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? யாரு சொன்னா? பாப்பாவா? இதெல்லாம்கூடவா பேசிக்கிறீங்க?

சமையல் யாரு உங்க வீட்ல? நீங்களா. என்ன செய்வீங்க? முட்டை. அப்புறம்? முட்டைதானா. மகன் வெளியூரு, சரி. மருமக எப்படி? நல்ல பொண்ணுன்னா எனக்குப் புரியாது. வாய் பேசுமா, பேசாதா? பாப்பாவுக்குப் பேசிக்கிட்டே இருக்கணும். நான் பதில் சொல்றதில்ல. ஆனா காது குடுப்பேன். அது அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு ராத்திரில கால் மரத்துப் போகும். இந்தாங்க, இதத் தெரிஞ்சு வச்சுக்கங்க. தெரியுமா? அவளே சொன்னாளா? எங்கிட்ட அவ சொன்னதே இல்லங்க. நடுராத்திரி சொவத்தப் பிடிச்சு நடக்கிற சத்தம் கேட்டு நானாத்தான் கண்டுபிடிச்சேன்.

சரி விடுங்க. குனிஞ்சு பாருங்க இப்படி. கண்ணு கேக் மட்டத்துக்கு வரணும். இன்னும் குனிங்க. முழங்கால் வலிக்குதா? இந்த முழங்கால வச்சுக்கிட்டுத்தான் கல்யாணமா! பாருங்க, அந்த ஓரத்துல ஒரு மேடு தெரியுதா? இல்லையா? நல்லாப் பாருங்க. உங்களுக்கு அவசரம். அதான் எல்லாம் நேராத் தெரியுது. இன்னும் ஒரு பூச்சு கேக்குது.

ஏங்க, அதத் திறக்காதீங்க. எதுக்கு அடுத்தவன் வீட்டுச் சட்டியத் திறந்து பாக்குறீங்க? அது வழிச்ச கிரீம். மிச்சம் இல்ல, வழிச்சது. ஒரு கேக்குக்கு எதுக்கு ஒரு சட்டி நெறைய வழிக்கணும்னா... ரொம்பப் பொல்லாத கண்ணுங்க உங்களுக்கு.

மெதுவாப் பேசுங்க, அவளுக்குக் கேக்கும்.

நேத்து சாயங்காலமே முடிஞ்சிருச்சு. பளிங்குக் கல்லு மாதிரி. ஒரு கோடு இல்ல, ஒரு குமிழி இல்ல. மேல் விளிம்பு தாள மடிச்ச மாதிரி நிக்குது. சுத்திச் சுத்தி வந்து பாத்தேன். அந்த மாதிரி நான் எந்த வண்டிலயும் எடுத்ததில்ல. அவளக் கூப்பிடத்தான் வாயத் திறந்தேன். கூப்பிட்டா போயிருவாளே. பிளேட வச்சு ஒரு இழுப்பு, அவ்வளவும் சட்டில. அப்புறம் திரும்பப் பூசினேன். கெட்டுத் தொலையாதான்னு பாத்தேன். கை பழகிருச்சு, கெடவே மாட்டேங்குது. காலைலயும் அம்சமா வந்துருச்சு. அதையும் வழிச்சுட்டேன். இப்ப நீங்க கதவத் தட்டுறப்பகூட, முடிஞ்சு நிக்கிறத வழிக்கத்தான் பிளேட எடுத்தேன்...

என்னது? அவளுக்குத் தெரியுமா? எப்படி? வெண்ணெய் வாங்கிட்டு வர உங்ககிட்டத்தான் சொல்லி அனுப்பினாளா? நேத்து ஒரு தடவ, இன்னைக்குக் காலைல ஒரு தடவயா? அண்ணன் எத்தன தடவ வழிச்சாலும் கிரீம் கொறையக் கூடாதுன்னு சொன்னாளா?

சரிங்க.

இருங்க, இருங்க. கூப்பிடுறேன். நீங்க மொதல்ல இந்த பிளேட வாங்கி உங்க சட்டைப் பையில போட்டுக்கங்க. எங்கிட்ட இருந்தா மறுபடி வழிச்சுருவேன்.