முதல் முடிச்சு வரைக்கும்

தம்பி: ...அண்ணி, இதைத் தூக்கணும்னா எனக்கு இன்னொரு முதுகு வேணும். இருக்கிற முதுகை உங்க புருஷன் ஏற்கெனவே காலி பண்ணிட்டாரு.

அண்ணி: என்கிட்ட சொல்லாத. நான் கட்டிக்கிறதுக்கு முன்னாடியே அவரு உனக்கு அண்ணன். பொறுப்பு உன்னோடது.

கடைக்காரர்: தம்பி, அந்தப் பெட்டி மேல சாயாதீங்க. முன்பக்க வலை இப்பதான் மாத்தினேன்.

தம்பி: நான் சாயலைங்க. அது என் மேல சாயுமான்னு பாத்துட்டு நிக்கிறேன்.

கடைக்காரர்: பேஸ் கிடாருக்குத்தானே? எத்தனை வருஷமா வாசிக்கிறீங்க?

தம்பி: நான் டிரம்ஸ். பேஸ் எங்க அண்ணி.

கடைக்காரர்: ஓ... அப்போ ஆம்ப்ளிஃபயர்?

அண்ணி: எனக்குத்தான். இங்க பாத்து பேசுங்க.

கடைக்காரர்: பழக்கதோஷம்மா, மன்னிச்சிடுங்க. இப்ப எதுல வாசிக்கிறீங்க?

அண்ணி: எங்க வீட்டுக்காரர்தான் எங்க குழுவுல பாடுறவர். அவரு பாடுற ஸ்பீக்கர் இருக்குல்ல...

தம்பி: அதுக்குப் பின்னாடி ரெண்டு ஓட்டை. ஒண்ணுல கீபோர்டு. இன்னொண்ணுல அண்ணி.

கடைக்காரர்: பாட்டும் பேஸும் ஒரே ஸ்பீக்கர்லயா? பேஸ் எப்படிங்க கேக்கும்?

அண்ணி: கேக்காது.

தம்பி: கேக்கக்கூடாது. பேஸுங்கறது உணர்ற விஷயம், கேக்குற விஷயம் இல்லன்னு அண்ணன் சொல்லுவாரு.

அண்ணி: யாரு உணர்ந்தா? அன்னைக்கு அந்த ஹோட்டல்ல பாதிப் பாட்டுல என் ஒயர் கழண்டுடுச்சு. சாப்பிட்டுட்டு இருந்த ஒருத்தரும் திரும்பல. அதைக்கூட விடுங்க, கடைசி வரைக்கும் எனக்கே தெரியல.

தம்பி: எனக்குத் தெரிஞ்சுது.

அண்ணி: தெரிஞ்சுதா? ஏன் சொல்லல?

தம்பி: நீங்க நல்லா ரசிச்சு வாசிச்சிட்டு இருந்தீங்க. கெடுப்பானேன்னு...

அண்ணி: உன்னை...

கடைக்காரர்: சண்டை அப்புறம். பழைய ரேடியோவுல கண்ணாடிக் குழாய் எரியுமே, அந்த வால்வு செட்டுதான் வேணும்னு எப்படி முடிவு பண்ணீங்க? எடை கம்மியா, கைக்கு அடக்கமா இப்ப எவ்வளவோ வந்துடுச்சு.

தம்பி: அப்படிக் கேளுங்க. கைக்கு அடக்கமா. அதைக் காட்டுங்க.

அண்ணி: ஒருத்தர் வால்வுல வாசிக்கக் கேட்டேங்க. மெதுவாத் தொட்டா மெதுவா வருது. ஓங்கி அடிச்சா குத்தல, தடிமனா வருது. கை என்ன நினைக்குதுன்னு அதுக்குத் தெரியுது. அன்னையிலேர்ந்து வேற எதுவும் பிடிக்கல.

தம்பி: அண்ணி, இந்தக் குட்டியைப் பாருங்களேன். எவ்வளவு லட்சணமா இருக்கு. இதுவும் வால்வுதானே?

கடைக்காரர்: வால்வுதான். ஆனா சாதா கிடாருக்கு. இதுல பேஸைச் சொருகினா ஸ்பீக்கர் கிழிஞ்சிடும். முதல் பாட்டு நல்லா இருக்கும். ரெண்டாவது பாட்டுல தகர டப்பாவுல வண்டு மாட்டின மாதிரி ஆயிடும்.

தம்பி: எங்க அண்ணன் பாடும்போது அது ஒண்ணும் வித்தியாசமாத் தெரியாது.

அண்ணி: வாயை மூடு.

தம்பி: சரி, இது? ஒத்தக் கையில தூக்கலாம் போல. உள்ள பாருங்க அண்ணி, வால்வு செக்கச்செவேல்னு எரியுது.

கடைக்காரர்: அது வால்வு எரியறது இல்ல. வால்வுக்குப் பின்னாடி ஒரு எல்இடி வச்சிருக்கான். வேலையெல்லாம் டிரான்சிஸ்டர் பாக்கும். வால்வு சும்மா முன்னாடி உக்காந்து மினுக்கும்.

தம்பி: அண்ணி... இது நம்ம அண்ணனேதான். வாங்கிடலாம். குடும்பத்துல ஒண்ணா இருக்கும்.

அண்ணி: வீட்டுல ஒண்ணு போதும். எனக்கு அந்தப் பெருசுதான். வெலையைக் கேட்டாச்சு, பணமும் கொண்டாந்துட்டேன். வாசிச்சுப் பாத்துட்டு எடுத்துக்கிறேன்.

தம்பி: அண்ணி, நம்ம வேன் கதவு பாதிக்கு மேல திறக்காது. பெட்டி வேன் கூரை மேலதான் போகணும். மேல போச்சுன்னா கட்டணும்...

அண்ணி: உன்னைக் கட்டவே விடமாட்டேன். போன தடவை நீ போட்ட முடிச்சை யாராலும் அவுக்க முடியல. ஹோட்டல் சமையல்கட்டுலேர்ந்து கத்தி வாங்கிட்டு வந்து அறுத்தோம்.

தம்பி: முடிச்சுன்னா அவுழக்கூடாது. அதுக்குத்தானே போடுறோம்?

அண்ணி: வேனைப் பத்தி நீ கவலைப்படாத. அளவு வச்சிருக்கேன். இருங்க... பையிலதான் போட்டேன்... இந்தாங்க.

கடைக்காரர்: என்னம்மா இது, கயிறு?

அண்ணி: அளவுதான். இந்த நுனியிலேர்ந்து முதல் முடிச்சு வரைக்கும் பெட்டியோட அகலம் இருக்கலாம்.

கடைக்காரர்: டேப் வச்சு அளந்து நம்பரைச் சொல்லி இருக்கலாமே.

அண்ணி: குடுத்தவங்க கயிறாத்தான் குடுத்தாங்க.

கடைக்காரர்: பாட்டுக்காரங்கன்னா சரிதான். பிடிங்க அந்த நுனியை. இப்படி... ம். கரெக்டா முடிச்சுல வந்து நிக்குது. உக்காரும். இந்த ரெண்டாவது முடிச்சு? உயரமா?

அண்ணி: அது என்னன்னு தெரியலைங்க. முதல் முடிச்சு உங்களுதுன்னு மட்டும்தான் சொன்னாங்க.

கடைக்காரர்: உயரத்துக்கும் வரல, ஆழத்துக்கும் வரல. என்னமோ. சரி, போட்டுப் பாக்கலாமா?

தம்பி: நான் போடுறேன். இந்த சுவிட்சுதானே...

கடைக்காரர்: கையை எடுங்க. எடுங்கன்னேன். ஸ்பீக்கர் ஒயரைச் சொருகாம வால்வு செட்டைப் போட்டீங்கன்னா உள்ள டிரான்ஸ்ஃபார்மர் வெந்துடும். ஒரு அழகான பொருளைச் சத்தமே இல்லாம கொன்னுடுவீங்க.

தம்பி: தொடலைங்க. காட்டினேன்.

கடைக்காரர்: ஒயர் சொருகியாச்சு. இப்ப இது முதல் சுவிட்சு. வால்வு சூடாகட்டும். அப்புறமா நான் வந்து ரெண்டாவது சுவிட்சைப் போடுவேன். நான்தான் போடுவேன். அதுக்குள்ள உள்ள போய் பேஸுக்கு ஒயர் எடுத்துட்டு வர்றேன்.

தம்பி: ...பத்திரமா பாத்துக்கிறாரு. பொண்ணு குடுக்கிற மாதிரி.

அண்ணி: இரு, போன் அடிக்குது. உங்க அண்ணன்... ஹலோ. ம்... வெளியதான் இருக்கோம். கம்பி வாங்க. பேஸுக்குத்தான்... இல்ல, பழசு துருப்பிடிச்சிருச்சு... ஆமா, அவனும் கூடத்தான் இருக்கான். குடுக்கவா? ...சரி. ம். ம்... சரிங்க, வெந்நீர் போட்டுத் தரேன். தொண்டையைப் பாத்துக்கோங்க. வைக்கிறேன்.

தம்பி: கம்பியா?

அண்ணி: கம்பிதான். பெட்டியோட சேத்து வருது.

தம்பி: அண்ணனுக்கே தெரியாம இவ்வளவு பெருசா... எங்க ஒளிச்சு வைப்பீங்க, அலமாரிலயா?

அண்ணி: தம்பி.

தம்பி: ம்.

அண்ணி: அந்தக் கயிறு நம்ம வேனுக்கு இல்ல.

தம்பி: ...

அண்ணி: ஏதாவது சொல்லு. எப்பவும் ஏதாவது சொல்லுவியே.

தம்பி: வால்வு சூடாகட்டும்னு இருக்கேன். வேற வேன்னா வேற குழு. எது?

அண்ணி: அந்தச் செவப்புத் தொப்பிக்காரி குழு. சொந்தமாப் பாட்டு எழுதி வாசிக்கிறாங்கல்ல, அவங்க. போன மாசம் கூப்பிட்டாங்க. யாரு என் பேரைச் சொன்னாங்கன்னு கேட்டேன், சிரிச்சாங்களே ஒழியச் சொல்லல. போய் ஒரு தடவை வாசிச்சேன். அவங்க என்கிட்ட என்ன கேட்டாங்க தெரியுமா? கொஞ்சம் சத்தமா வைக்க முடியுமான்னு.

தம்பி: அழுதீங்களா?

அண்ணி: பாத்ரூம் போய் அழுதேன். வந்து சத்தமா வச்சேன்.

தம்பி: அப்போ போறீங்க.

அண்ணி: போகணும்னு இருக்கு. ரொம்ப இருக்கு. உங்க அண்ணனை நினைச்சு எனக்குக் கவலை இல்ல. எனக்குப் பதிலா இடது கையால சமாளிச்சுக்கோன்னு கீபோர்டுக்காரர்கிட்ட சொல்லிடுவாரு. ராத்திரி வீட்டுக்கும் வந்துதானே ஆகணும், வெந்நீருக்கு. உன்னை விட்டுட்டுப் போறதுதான்...

தம்பி: என்னை எதுக்கு?

அண்ணி: பேஸும் டிரம்ஸும் ஒண்ணாத்தானேடா நிக்குது. அந்தக் குழுவுல டிரம்ஸ்காரரும் போயிட்டாராம். புதுசா ஒருத்தர் வர்றாரு. நான் இன்னும் பாக்கல.

தம்பி: ஆளு எப்படியாம்?

அண்ணி: நல்லா அடிப்பாராம். வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தியாம்.

தம்பி: யாரு அப்படிச் சொன்னது?

அண்ணி: அந்தத் தொப்பிக்காரிதான். உனக்கென்ன அதுல கோவம்?

தம்பி: கோவமெல்லாம் இல்ல. பழகாம ஒருத்தரை அப்படிச் சொல்லக்கூடாது, அவ்வளவுதான்.

அண்ணி: எவனோ ஒருத்தன் கூட மறுபடி முதல்லேர்ந்து... நான் எங்க இழுப்பேன், எங்க பிடிப்பேன்னு உனக்குத் தெரியும். அவனுக்கு என்ன தெரியும்? அதான் இன்னைக்கு உன்னைக் கூட்டிட்டு வந்தேன். நேர்ல சொல்லணும்னு. எடையைப் பத்தி நீ இவ்வளவு புலம்புவேன்னு தெரிஞ்சிருந்தா போன்லயே சொல்லி இருப்பேன்.

கடைக்காரர்: ஒயர் கிடைச்சுடுச்சு. என்ன, ரெண்டு பேரும் எழவு விழுந்த மாதிரி நிக்கிறீங்க? வெலை அவ்வளவு ஒண்ணும் சொல்லலையே.

தம்பி: இல்லைங்க. குடும்பப் பேச்சு. நீங்க ரெண்டாவது சுவிட்சைப் போடுங்க.

கடைக்காரர்: இப்போ பாருங்க. உள்ள எரியுது பாருங்க, இதுதான் நிஜ வால்வு. எல்இடி இல்ல. வாசிங்கம்மா.

அண்ணி: ம்... இருங்க... ம்.

கடைக்காரர்: சத்தம் வைங்க.

அண்ணி: வச்சுட்டேனே.

கடைக்காரர்: எங்க வச்சீங்க? குமிழ் கொஞ்சமாத்தானே திரும்பி இருக்கு. ஏன் அங்கேயே நிறுத்திட்டீங்க?

தம்பி: எங்க பாட்டு ஸ்பீக்கர்ல அந்த இடத்துல அண்ணன் ஒரு பிளாஸ்டர் ஒட்டி வச்சிருக்காருங்க. அதுக்கு மேல போகக்கூடாதுன்னு. கை தானா நிக்குது.

கடைக்காரர்: என் செட்டுல யாரும் பிளாஸ்டர் ஒட்டலை. திருப்புங்கம்மா. இன்னும். பயப்படாதீங்க, எங்க கடை சுவர் கெட்டி. ம்... இப்ப அடிங்க.

தம்பி: என் சட்டைப் பொத்தான் ஆடுது.

கடைக்காரர்: அலமாரிக் கண்ணாடியும் ஆடுது. வாசிங்க, நிறுத்தாதீங்க. இத்தனை நாளா இதைத்தானா சாப்பிடுற சத்தத்துக்கு நடுவுல ஒளிச்சு வச்சிருந்தீங்க?

அண்ணி: கேக்குதா?

தம்பி: தெருமுனையில கேக்கும் அண்ணி.

அண்ணி: எடுத்துக்கிறேன். பேக் பண்ணுங்க. நீங்களே கட்டி வைங்க.

கடைக்காரர்: ரெண்டு பேரும் சேந்து தூக்குங்க, முதுகை வளைக்காம. மேல இருக்கிற ஹெட்டைத் தனியா எடுங்க, அதுக்குள்ளதான் வால்வு, உடையக்கூடாது. ஒயரைச் சுருட்டித் தரேன். இந்தக் கயிறு இனிமே வேணுமா? இதுலயே கட்டிடறேன்.

அண்ணி: கட்டிக்கோங்க. வேலை முடிஞ்சுது.

கடைக்காரர்: முடிச்சு இல்லாம இருந்தா கட்ட வசதியா... என்னங்க இது. நகமே பேந்துடும் போல. பல்லுல கடிச்சாலும் அசைய மாட்டேங்குது. எந்தப் புண்ணியவான் போட்டது? ஒரு கத்தி எடுத்துட்டு வரட்டுமா?

அண்ணி: இருங்க.

கடைக்காரர்: சின்னக் கயிறுதானம்மா, அறுத்துட்டா...

அண்ணி: அறுக்காதீங்க. இங்க குடுங்க... தம்பி.

தம்பி: பெட்டியை எந்தப் பக்கம் பிடிக்கிறதுன்னு பாத்துட்டு இருக்கேன்.

அண்ணி: என்னைப் பாரு. இதை யாரு கட்டினது?

தம்பி: கயிறுன்னா யாரு வேணாலும் கட்டலாம்.

அண்ணி: இப்படிக் கட்ட ஊர்ல ஒரே ஒரு கிறுக்கன்தான் இருக்கான். அந்தத் தொப்பிக்காரிகிட்ட என் பேரைச் சொன்னது நீதானே?

தம்பி: ஒயர் கழண்ட மறுநாள் சொன்னேன். அன்னைக்கு நீங்க வாசிச்ச மாதிரி எப்பவும் வாசிச்சதில்ல. நான் ஒருத்தன்தான் கேட்டேன்.

அண்ணி: சத்தமே வரலையேடா. எதைக் கேட்ட?

தம்பி: உங்க விரலைப் பாத்துத்தானே அண்ணி நான் அடிக்கிறது.

அண்ணி: ...அப்புறம் எதுக்கு வந்ததுலேர்ந்து எடை, முதுகு, கைக்கு அடக்கம்னு உயிரை வாங்கின?

தம்பி: ஒவ்வொரு ஊர்லயும் இதை இறக்கி ஏத்தப் போறது யாருன்னு எனக்குத் தெரியும்ல. புலம்ப மாட்டேனா?

அண்ணி: அப்படின்னா... இந்த ரெண்டாவது முடிச்சு?

தம்பி: முதல் முடிச்சு வரைக்கும் உங்க பெட்டி. அங்கேயிருந்து ரெண்டாவது முடிச்சு வரைக்கும் என் பெரிய டிரம். அவங்க வேனை அளந்துதான் போட்டேன், ஒட்டி ஒட்டி உக்காரும்... அண்ணன்கிட்ட நீங்க சொல்லுங்க அண்ணி. நான் இதைத் தூக்கிக்கிறேன்.