கொமாந்தான் கூண்டுக்கு மூணு விசில்

— ரெண்டு எலியில ஒண்ண நீங்களே திருப்பி எடுத்துக்குங்க மஜீத் பாய். மனசு கேக்கல, ஆனா வேற வழி தெரியல. பிஸ்கோத்த உங்க கடையிலயே விட்டுட்டுப் போறேன். கொமாந்தான் எங்ககூட இருக்கட்டும்.

— மொதல்ல அந்தப் பெட்டிய மேச மேல வைங்க ஜோசப் ஆனந்த் சார். அக்கா, நீங்க அந்த ஸ்டூல இழுத்துப் போட்டுக்குங்க. கிளிக் கூண்டு பக்கம் வேணாம், பொடவைய இழுக்கும்.

— நான் வேணாம்னுதான் சொன்னேன் பாய். இவரு கேட்டாத்தான. கூண்ட சுத்தமா கழுவிகினு இருந்தா போதும், எதையும் திருப்பிக் குடுக்க வேணாம்னு மாதா கோயில்லருந்து வர்ற வழி முழுக்க சொல்லிகினு வந்தேன்.

— நீதான ரோசா நாத்தம் நாத்தம்னு சொல்ற.

— நாறுதுன்னு சொன்னேன். குடுத்துடுன்னு சொன்னேனா?

— ரெண்டு பேரும் ஒரு நிமிஷம். ஆறு மாசம் முன்னாடி நீங்க ரிட்டையர் ஆனீங்க, உங்க பையன் ஜூலியன் பிரான்சுலருந்து வந்திருந்தப்ப இந்த ரெண்டு ஜெர்பிலயும் வாங்கிக் குடுத்துட்டுப் போனாரு. பாலைவனத்து எலி, அண்ணந்தம்பி, சேத்தே வைங்கன்னு நான்தான் சொல்லி அனுப்பினேன். இப்ப அதுங்களுக்குள்ள என்ன தகராறு? ரத்தம் கித்தம் வந்துச்சா?

— ரத்தம் வரல. கொமாந்தான் பின்னங்கால்ல எழுந்து நின்னுகிட்டு குத்துச்சண்டக்காரர் மாதிரி தட்டுறாரு. பிஸ்கோத்து ஓடுறாரு. அப்புறம் ஆளுக்கு ஒரு மூலையில நின்னு டப்பு டப்புன்னு கால தரையில அடிக்கிறாங்க. கூடப் பொறந்தவன யாரோ எவரோன்னு மோந்து பாக்குறாங்க பாய்.

— எலிக்கு என்ன வாராரு போறாரு.

— மீசையப் பாரு ரோசா. எங்கப்பா பிரெஞ்சுப் பட்டாளத்துல இருந்தப்ப அவருக்கு மேல இருந்த கொமாந்தானுக்கு இதே மீச. ஃபோட்டோ வீட்டுல இருக்கு. அவர எப்படி வாடா போடான்னு சொல்றது?

— சரி சார், அவருன்னே வச்சுக்குவோம். ஆனா பிரிச்சா ரெண்டும் ஏங்கிப்போயிடும்.

— பாய், எனக்கும் என் தம்பி அமலநாதனுக்கும் பேச்சு நின்னு பதினோரு வருஷம் ஆவுது. அவன் காலாப்பட்டுல இருக்கான், பஸ் ஏறினா அர மணி நேரம். ஒரு நாள் கையி நீட்டுற அளவுக்குப் போச்சு, அதோட சரி. முன்னாடியே தள்ளித் தள்ளி இருந்திருந்தா பாசமாவது மிஞ்சியிருக்கும். இதுங்களுக்கும் அந்த கதி வரவேணாம்னுதான் பாக்குறேன். அடிச்சுக்குறதுக்கு முன்னாடி பிரிச்சுடணும்.

— சரி. அவசரப்படாதீங்க. நான் ஒண்ணு ஒண்ணா கேக்குறேன், நீங்க பதில் சொல்லுங்க. எந்த நேரத்துல அடிச்சுக்குது?

— காலையில. எட்டேகால்லருந்து ஒரு ஒன்பதர வரைக்கும். மத்தியானம் மொறச்சுக்குவாங்க. சாயங்காலம் சமாதானம் ஆயி ஒண்ணா சாப்புடுவாங்க. மறுநாள் காலையில திரும்ப ஆரம்பம்.

— ஓ. கடியாரம் வச்ச மாதிரி. அப்ப எட்டு மணிக்கு உங்க வீட்டுல என்ன நடக்குது?

— ஒண்ணும் நடக்காது. கூண்டக் கழுவி முடிச்சிருப்பேன்.

— தினமுமா?

— தினமும்தான். மொதல்ல வாரத்துக்கு ஒரு தடவ கழுவினேன். ரோசா நாறுதுன்னா. ரெண்டு தடவ ஆக்கினேன். அப்பவும் நாறுதுன்னா. இப்ப தினமும். போன வாரத்துலருந்து சாயங்காலமும் ஒரு கை பாக்கலாமான்னு யோசன.

— எப்படிக் கழுவுவீங்க, கொஞ்சம் விவரமா சொல்லுங்க. எனக்கு இதுல ஒரு சூட்சுமம் தெரியிற மாதிரி இருக்கு.

— கேளுங்க. ஆஸ்பத்திரி ஆபரேஷன் தியேட்டர்ல முப்பத்தி நாலு வருஷம் கத்தி கத்திரி அவிச்சுக் குடுத்தவன் நான், எனக்கு ஒரு முறை இருக்கு. ஆறு மணிக்கு ரெண்டு பேரையும் வாளியில எறக்கிடுவேன். கூண்டுல இருக்குற மரச்சீவல் மொத்தத்தையும் மூட்ட கட்டி வெளிய. கூண்டுக்கு சோப்புத்தண்ணி, வெந்நீர், டெட்டால், திரும்ப வெந்நீர். சக்கரம், தண்ணி பாட்டில், அவங்க படுக்குற மரப்பொந்து, எல்லாம் கொதிக்கிற தண்ணியில பத்து நிமிஷம். புதுச் சீவல துணியில கட்டி குக்கர்ல வச்சு மூணு விசில். வொலா, பாத்துக்குங்க, ஸ்டெரைல், ஒரு கிருமி இருக்காது.

— குக்கர்லயா?

— தியேட்டர்ல அதுக்குன்னு பெரிய மெஷின் இருந்துச்சு. வீட்டுக்கு அது வருமா? நீராவி நீராவிதான பாய்.

— ஏங்கா, அதே குக்கர்லயா சோறு வைக்கிறீங்க?

— மாதாவே, அது நடக்குமா? அவருக்குன்னு தனியா அஞ்சு லிட்டர் குக்கரு வாங்கிக் குடுத்துட்டேன். மாடியில தனி அடுப்பு. தனி சிலிண்டரு. ஒரு நாற்காலியும் போட்டு வச்சிருக்கேன்.

— அந்த விஷயத்துல ரோசாவுக்கு ரொம்ப ஒத்தாச மனசு பாய். ஒரு வார்த்த முணுமுணுத்தது கெடையாது.

— அப்ப ஈரச் சீவல்லதான் அதுங்க படுக்குதா?

— சே சே. மொத நாள் அவிச்சது மாடியில காஞ்சு ரெடியா இருக்கும். மழ நாள்ல இஸ்திரி போட்டுடுவேன்.

— சீவலுக்கு இஸ்திரி போட்ட ஆள இன்னிக்குத்தான் பாக்குறேன். சரி, இன்னொண்ணு. அதுங்க வயித்துல நட்ட நடுவுல, முடியில்லாம, மஞ்சளா ஒரு கோடு இருக்குமே, பாத்திருக்கீங்களா?

— அந்தப் புண்ணா? களிம்பு தடவிகிட்டுதான் இருக்கேன். ஆற மாட்டேங்குது.

— ஆறாது சார், ஏன்னா அது புண்ணே இல்ல. எண்ண சுரக்குற எடம். ஜெர்பில் நடக்கும்போது நல்லா கவனிச்சுப் பாருங்க, அப்பப்ப வயித்த தரையில தேச்சுட்டுப் போவும். தேச்ச எடத்துல அந்த எண்ண ஒட்டிக்கும். அதுக்கு ஒரு வாசன. நம்ம மூக்குக்கு எட்டாது, அதுங்களுக்கு எட்டும். இது என் மூல, இது என் படுக்க, இது நம்ம வீடுன்னு எழுதி வைக்கிற மாதிரி. அண்ணன் மேல தம்பி பொரளுறான், தம்பி மேல அண்ணன் பொரளுறான். ரெண்டு பேருக்கும் ஒரே வாசன வந்துடுது. அதுங்களுக்கு மூஞ்சியப் பாத்து அடையாளம் தெரியாது சார், இந்த வாசனதான் அடையாளம். இந்த வாசன உள்ளவன் நம்மாளு. இல்லாதவன் திருடன்.

— ம்.

— இப்ப நீங்க அந்த எடத்துல இருந்து யோசிங்க. காலையில எழுந்திருக்கீங்க. யாரோ ஒரு ராட்சசன் தூக்கி வாளியில போடுறான். திரும்ப எறக்கி விடும்போது வீடு வேற. சொவரு வேற. படுக்க வேற. ஊரே டெட்டால் வாட. வாளியில வழுக்கி விழுந்து எழுந்து வந்த பதட்டம் வேற. எதிர்ல மீச வச்சுகிட்டு ஒருத்தன் நிக்கிறான். என்ன பண்ணுவீங்க?

— குத்துவேன்.

— அதத்தான் கொமாந்தான் பண்றாரு. அப்புறம் நாள் முழுக்க ரெண்டும் தேச்சுத் தேச்சு வாசனைய திரும்ப எழுதுது. சாயங்காலம் ஆனா, அட நம்ம தம்பி. ஒண்ணா சாப்பாடு. மறுநாள் காலையில நீங்க வந்து மொத்தத்தையும் அழிச்சுடுறீங்க. தினமும் அதுங்க புதுசா அறிமுகம் ஆயிட்டு இருக்குது சார்.

— அப்ப டெட்டால மட்டும் விட்டுட்டு வெறும் தண்ணியில தினமும் கழுவலாமில்ல பாய்?

— தண்ணியிலயும் வேணாம் அக்கா.

— ஒரு நாள் விட்டு ஒரு நாளு?

— ம்ஹூம்.

— வாரத்துக்கு மூணு. அதுக்கு மேல நானும் கேக்கல.

— அக்கா, வைத்திக்குப்பத்துல வஞ்சிரத்துக்கு பேரம் பேசுற மாதிரி பேசுறீங்களே. மொத்தமா மாத்துறது மூணு வாரத்துக்கு ஒரு தடவ போதும். அப்பவும் டெட்டால் வேணாம், வெந்நீர் ஊத்தி தொடச்சுட்டு நல்லா காய வச்சாப் போதும்.

— மூணு வாரமா? மூணு வாரம் இவரு... மூணு வாரம் அது அப்படியே கெடந்தா வீடு என்னத்துக்கு ஆவும்?

— ஒண்ணும் ஆவாது. பாலைவனத்து ஜென்மம் அக்கா அது, தண்ணி கெடைக்காத ஊரு. உடம்புக்குள்ள போற தண்ணிய கடைசி சொட்டு வரைக்கும் புழிஞ்சு எடுத்துட்டுத்தான் வெளிய விடும். ஒண்ணுக்குன்னு பேரு, சொட்டுதான். புழுக்கையும் காஞ்சு கருஞ்சீரகம் மாதிரி இருக்கும். வெள்ள எலி ஒண்ணு வச்சிருந்தீங்கன்னா நாத்தம்னு நீங்க சொல்றத ஒத்துக்குவேன். ஜெர்பில் கூண்டு நாறுறதுங்குறது எனக்கே புதுசு. சார், உங்களுக்கு நாறுச்சா?

— எனக்கு எங்க பாய் தெரியும். ஸ்பிரிட்டுலயும் ஃபார்மலின்லயும் ஊறின மூக்கு. ரோசா சொன்னா சரியாத்தான் இருக்கும்.

— சரி, பெட்டியத் திறங்க. சண்டைய நானே பாக்குறேன்.

— வேணாம், திறந்தா பாய்ஞ்சுடுவாங்க. கடைசியா எட்டிப் பாத்தப்ப... பாய். இங்க வாங்க. ரோசா, நீயும் வா, மெல்ல வா.

— என்ன ஆச்சு?

— தூங்குறாங்க. கொமாந்தான் பிஸ்கோத்து முதுகு மேல தலைய வச்சுகிட்டு தூங்குறாரு.

— இன்னிக்கு காலையில கழுவலையா?

— ஆறு மணி பூசைக்குப் போயிட்டு நேரா இங்க வந்துட்டோம். நேத்துச் சீவலோட அப்படியே அள்ளிப் பெட்டியில போட்டேன். வழி முழுக்க அழுக்குல கொண்டுபோறோமேன்னு எனக்கு ஒரே சங்கடம்.

— அது அழுக்கு இல்ல சார். விலாசம்.

— அப்ப இத்தன நாளா இவங்கள மூட்டி விட்டவன் நான்தானா?

— தெரியாமப் பண்ணினது. கண்ணத் தொடச்சுக்குங்க. இனிமே என்ன பண்ணணும்னு சொல்றேன். தண்ணி பாட்டில் மட்டும் தினமும் கழுவுங்க, அது தப்பில்ல. ஒண்ணுக்குப் போறதுக்குன்னு ஒரு மூலைய அதுங்களே வச்சிருக்கும். ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவ அந்த மூலையில ஈரமா இருக்குறத மட்டும் ஒரு கரண்டி அள்ளிப் போடுங்க. மூணு வாரம் கழிச்சு மொத்தமா மாத்தும்போதும் பழைய சீவல்ல காய்ஞ்சதா பாத்து ஒரு பங்கு எடுத்து வச்சு, புதுசோட கலந்து போட்டுடுங்க. ஊரு மாறினாலும் வாசன மாறாது. சண்ட வராது. சீவல இன்னும் ஒசரமா, ஒரு ஜாண் கொட்டுங்க, சொரங்கம் தோண்டட்டும். அட்டப்பெட்டி கெடச்சா போடுங்க, கடிச்சு அதுங்களே மெத்த பண்ணிக்கும்.

— மொத்தமா மூணு வாரத்துக்கு ஒரு தடவதான்.

— ஆமா.

— குக்கர் வேணாம்.

— வேண்டவே வேணாம்.

— மெர்சி பாய். ரொம்ப நன்றி. ரெண்டு பேரையும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். ரோசா, அப்ப காலையில ஆறுலருந்து பத்து வரைக்கும் எனக்கு ஒரு வேலையும் இல்ல.

— பீச்சு பக்கம் நடங்க. கூட்டாளிங்களோட பேசிகினு இருங்க.

— நடந்து என்ன ஆவப்போவுது? வீட்டுலயே எவ்வளோ கெடக்கு. உன் மசாலா டப்பா முப்பத்தியாறு இருக்கு, நான் எண்ணியிருக்கேன், ஒண்ணுலயும் தேதி கெடையாது. எல்லாத்தையும் கொட்டி, டப்பாவ அவிச்சு, பேரு ஒட்டி, வரிசையா அடுக்கிடலாம். கரண்டியெல்லாம் சைஸ் வாரியா தொங்கணும். கொழம்புக் கரண்டி ரசத்துக்குப் போவக் கூடாது. நீ சமைக்கும்போது நான் பக்கத்துல நிக்கிறேன், எத எடுத்தியோ அத அந்தந்த எடத்துல திரும்ப வைக்கிறேன். குக்கரும் சும்மாதான இருக்கு.

— ம்.

— வொலா. நீ ராணி மாதிரி இருக்கலாம். பாய், எதிர்ல இருக்குற கடையில அட்டப்பெட்டி குடுப்பாங்களா?

— என் பேரச் சொல்லிக் கேளுங்க, குடுப்பாங்க.

— ரெண்டே நிமிஷம். அவங்கள எழுப்பிடாதீங்க.

— போயிட்டு வாங்க சார். பாத்தீங்களா அக்கா, அந்த நடையிலயே பத்து வயசு கொறஞ்சுபோச்சு. அண்ணந்தம்பி பிரியல. நாத்தமும் அதுவா போயிடும்.

— எந்த நாத்தம் பாய்? ரிட்டையர் ஆன மொத வாரம் என் புளிப்பானைய அவிச்சுகினு நின்னாரு, எலிக்கூண்டு நாறுதுன்னு அன்னிக்கு வாயில வந்தது ஒரு வார்த்த, ஆறு மாசம் என் சமையல்கட்டுல நான் தனியா நின்னு கொழம்பு வச்சேன்.