கதவ மட்டும் பாக்காதீய அண்ணாச்சி

அந்தக் கதவ மட்டும் பாக்காதீய அண்ணாச்சி! வண்டிய வாங்க வாறவுக அம்புட்டுப் பேரும் மொத மொத அந்தக் கதவத்தான் பாக்காவ. பாத்துட்டு, உதட்டப் பிதுக்கிட்டு, 'இது அம்பத்திரெண்டுக்குப் பொறவு வந்த மாடலு'ன்னு சொல்லிட்டுப் போயிருதாவ. கதவு மட்டுந்தான் வண்டியா? முன்னால மூஞ்சி இல்லயா? கீழ வயிறு இல்லயா? அத ஒருத்தராவது குனிஞ்சு பாக்கணும்லா... ம்ஹூம்.

நீங்க ஞாயித்துக்கெழம வாறதால்லா போன்ல சொன்னியளாம். இன்னைக்கு வெள்ளிக்கெழம. எங்க வீட்டுக்காரவுக இல்லயே... ஆமா, பலவேசம், அவுகதான் உங்ககிட்ட பேசுனது. இல்ல இல்ல, போவாதீய! கோயம்புத்தூர்லருந்து களக்காடு வரைக்கும் வந்துட்டு வாசலோட திரும்புனா நல்லாவா இருக்கும்? இங்கன வேப்பமரத்து நெழல்ல நில்லுங்க. எனக்கு வேத்து ஆளுககிட்ட பேசவே வராது அண்ணாச்சி. யாரும் வந்தா நெலைக்கு மறவுல நின்னுக்கிட்டு 'அவுக இல்ல'ம்பேன். அம்புட்டுத்தான். அஞ்சாங் கிளாசுல டீச்சர் எந்திரிச்சு பதில் சொல்லச் சொல்லுவாவன்னு பயந்தே பள்ளிக்கூடத்த விட்டவ நானு. இன்னைக்கு என்னமோ உங்ககிட்ட பேசுதேன். பேசித்தான் ஆவணும்...

ஏளா இசக்கி! மண்ணத் திங்காத! துப்பு... துப்புங்கேன்லா! எம் மவ அண்ணாச்சி. ஒண்ணர வயசு. மண்ணு, சாம்பலு, வண்டி டயரு, ஒண்ணையும் விடமாட்டா.

எங்க விட்டேன்? ஆங், மாடலு. இந்தச் செவர்லே லாரி என்னைக்குப் பொறந்துச்சுங்கதுக்கு எங்க வீட்ல நடக்காத சண்டை இல்ல. எம்புட்டுப் பழசோ அம்புட்டு வெலயாம்லா. ஆர்.சி. புக்குல அம்பத்தொண்ணுன்னு போட்டிருக்கு. அது இந்த ஜில்லாவுல வந்து பதிஞ்ச வருசம். அதுக்கு முந்தி கொச்சிப் பக்கம் ஓடிச்சாம். மேல தேயிலத் தோட்டத்துக்காரவுக அங்கருந்து வாங்கியாந்து மலையில ஓட்டிருக்காவ. அவுககிட்டருந்து எங்க மாமனாரு வாங்கி வாழத்தார் ஏத்துனாவ. இப்ப அவுககிட்ட கேப்போம்னா, அவுக போயிச் சேந்தாச்சு. தேவசிகாமணின்னு நாங்குநேரியில ஒரு மெக்கானிக்கு இருக்காரு. அவர்கிட்ட கேட்டா, காப்பி குடுத்தா நாப்பத்தெட்டும்பாரு, கூட ரெண்டு வடையும் வச்சா நாப்பத்தேழும்பாரு. இன்னும் ஒரு வட வச்சா வெள்ளக்காரனே வந்து ஓட்டுனாம்பாரு.

அந்தா, பின்னால பலகையில எங்க மாமனாரு ஒரு வருசத்தச் செதுக்கி வச்சிருக்காவ பாருங்க. ஆயிரத்து நூத்தி நாப்பத்தொண்ணு. சிரிக்காதீய, அது கொல்லம் வருசம். எங்க ஊர்ல வீட்டு நெலையில, கெணத்துக் கல்லுல எல்லாம் அதத்தான் போடுவாவ. போன மாசம் மெட்ராஸ்லருந்து ஒருத்தர் கூலிங்கிளாஸ் போட்டுட்டு வந்தாரு. அதப் பாத்துட்டு, 'என்னம்மா, சோழ ராஜா ஓட்டுன வண்டியா?'ங்காரு. எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. அது எங்க கணக்குய்யா, அதோட எண்ணூத்தி இருவத்தஞ்சு கூட்டணும், அதுவும் பலக மாத்துன வருசம், வண்டியோட வருசம் இல்லன்னு சொல்ல வாயெடுத்தேன். வரல. நெலைக்கு மறவுல நின்னுட்டேன். அவரும் கடைசியில இந்தக் கதவத்தான் பாத்தாரு. போயிட்டாரு.

நீங்க போன்ல ரெண்டு அடையாளம் சொன்னியளாமே? பெட்ரோல் டேங்கு சீட்டுக்குப் பின்னால இருக்கக் கூடாது, கீழதான் இருக்கணும். கதவுல முக்கோணக் கண்ணாடி இருக்கக் கூடாது. ரெண்டும் சரியா இருந்தா அது நாப்பத்தெட்டோ, அதுக்கு முந்தியோ, அப்பிடின்னா எடுத்துக்கிடுவேன்னு. அப்பிடித்தான? டேங்கு கீழதான் இருக்கு. பைய குனியுங்க, அங்கன தகரம் நீட்டிட்டு இருக்கு, தலையில இடிச்சிராதீய. ...பாத்தியளா! இருக்கா? ...என்ன, டேங்க யாரு வேணும்னாலும் எறக்கி மாட்டிரலாமா? அட போங்க அண்ணாச்சி, நீங்களும் இப்பிடிச் சொன்னா எப்பிடி!

இல்ல, கடியாரத்தப் பாக்காதீய. அடுத்த பஸ்ஸு நாலு மணிக்குத்தான். கருப்பட்டிக் காப்பி போடட்டா? பால் இல்ல, கடுங்காப்பிதான்... வேண்டாமா? சரி.

ஒரு சங்கதி சொல்லுதேன். அவுக இன்னைக்கு எங்க போயிருக்காவ தெரியுமா? காயல்பட்டினத்துக்கு. அங்கன ஒரு ஏஜெண்டு இருக்காரு, சவுதியில தம்மாமுக்கு வேலைக்கு ஆள் அனுப்புதவரு. பாஸ்போட்ட அவரு கையில குடுத்துட்டா முடிஞ்சுது, ரெண்டு வருசம் திரும்ப முடியாது. இந்தப் பிள்ள அப்பாவ போட்டாவுலதான் பாக்கணும். இந்த வண்டி வித்துட்டுன்னா ஒரு மினி லாரி எடுத்து வாழக்கா லோடு அடிச்சு இங்கனயே இருந்துருவேன்னாவ. ஆறு பேர் வந்தாச்சு. ஆறு பேரும் கதவப் பாத்துட்டுப் போயாச்சு. நேத்து சாப்பிடும்போது சொல்லுதாவ, 'கோயம்புத்தூர்க்காரரும் கதவத்தான் பாப்பாரு, எனக்கு நம்பிக்க இல்ல'ன்னு. வெள்ளென எந்திரிச்சு வெள்ளச் சட்டையப் போட்டுட்டுப் போயிட்டாவ. வண்டி போனா அவுக இருப்பாவ அண்ணாச்சி. வண்டி இருந்தா அவுக போயிருவாவ. எனக்குத் தெரிஞ்ச கணக்கு அம்புட்டுத்தான்.

...எல்லாம் ஒரிஜினல்னு உங்ககிட்டயும் சொன்னாவளா? 'ஒரு ஆணிகூட மாத்தல'ன்னா? அய்யோ! எல்லார்கிட்டயும் அதத்தான் சொல்லுதாவ. எங்கப்பா வண்டி, கம்பெனியிலருந்து வந்த மாதிரியே நிக்குன்னு ஒரு பெரும. அப்பிடிச் சொல்லிட்டு, பொறவு எந்த மொகத்த வச்சுக்கிட்டு கதவ மாத்துனோம்னு சொல்லுவாவ? எங்கிட்டயும் வாயத் தெறக்காதன்னு சொல்லிருக்காவ. நான் எங்க தெறந்தேன்? இப்பந்தான்...

ஆமா அண்ணாச்சி. இந்தக் கதவு ரெண்டும் இந்த வண்டியோடது இல்ல. மாத்துனது அவுகதான், ஆனா மாத்தச் சொன்னது நானு.

இவ வயித்துல இருக்கும்போது நாங்குநேரி ஆஸ்பத்திரிக்கு இந்த வண்டியிலதான் போவோம். நான் உக்காருத பக்கத்துக் கதவு, திருப்பத்துல எல்லாம் படக்கு படக்குன்னு தெறக்கும். ஒரு கையில வயித்தப் பிடிப்பனா, ஒரு கையில கதவப் பிடிப்பனா? இனிமே இதுல ஏற மாட்டேன்னுட்டேன். அவுக பாளையங்கோட்டையில ஒரு பழைய இரும்புக் கடையில தேடிப் பிடிச்சாவ. ஒரு கதவு போதும்னாவ. அங்கதான் என் புத்திய என்ன சொல்ல! புதுசா வாறதுல முக்கோணக் கண்ணாடி இருக்கு, அமுக்குனா தெறக்குத பிடி இருக்கு. மத்த பக்கம் மொட்டையா இருக்கு. ஒரு கண்ணுக்கு மை தீட்டிட்டு ஒரு கண்ண வெறுமன விட்டா எப்பிடி இருக்கும்? ரெண்டும் ஒண்ணுபோல இருந்தாத்தான் ஆச்சுன்னு அழுதேன். மாசமா இருக்கவ கேட்டா மாட்டேன்னா சொல்லுவாவ? ஜோடியா வாங்கி மாட்டிட்டாவ. அன்னைக்கு மட்டும் நான் வாய மூடிட்டு இருந்திருந்தா, டிரைவர் பக்கத்துக் கதவாவது பழசாவே இருந்திருக்கும். வாறவுக பாத்தவொடன நாப்பத்தெட்டுன்னு சொல்லிருப்பாவ. அவுகளும் காயல்பட்டினத்துக்கு பஸ் ஏறிருக்க மாட்டாவ.

பழைய கதவு என்னாச்சா? அதக் கேக்காதீய, வெக்கக்கேடு. ஒண்ண... பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டேன். ஆமா, தெருவுல பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்னு கூவிட்டு வந்தான். எனக்கோ நாக்கு நமநமங்குது. அவுக லோடுக்குப் போயிருந்தாவ. பொட்டலம் பிரிச்சு, உக்காந்த எடத்துலயே தின்னு முடிச்சேன். செவர்லே கதவ முழுசாத் தின்னவ இந்தக் களக்காட்டுல நான் ஒருத்திதான்.

இன்னொண்ணா? அது கெடக்கு, பின்னால. ஆட்டுத் தொழுவுக்குக் கதவு இல்லாம இருந்துச்சு. எந் தம்பி வந்திருந்தப்ப ரெண்டு பேருமா அதத் தூக்கி கயித்தால கட்டிட்டோம். பொங்கலுக்கு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது அதுக்கும் ஒரு பூச்சு. அதக் காட்டுவமான்னு அவுககிட்ட ஒரு நாள் பைய கேட்டுப் பாத்தேன். 'ஆட்டுப் புழுக்க ஒட்டுன கதவக் காட்டி எங்கப்பா வண்டிய விக்கச் சொல்லுதியா'ன்னு ஒரு சத்தம். அதோட நான் பேசல. ஒடஞ்ச கதவு, பூட்டு நிக்காது, அமுக்குத பிடி இல்ல, திருகுத பிடிதான். முக்கோணமும் இல்ல, ஒண்ணும் இல்ல, ஒரே மொழுக்குக் கண்ணாடி...

ஏன் அண்ணாச்சி எந்திரிச்சிட்டிய? பாத்தியளா, நீங்களும் கெளம்பிட்டிய! நான் பேசியிருக்கக் கூடாது. அவுக சொன்னது சரிதான், எனக்கு வாயே ஆவாது... அங்கன எங்க போறிய? வாசல் இந்தப் பக்கம்! அது பொறவாசல், சேறா கெடக்கும், செருப்பு போயிரும்!

அண்ணாச்சி! அந்தக் கயித்த அவுக்காதீய! உள்ள ஆடு நிக்கு! வெள்ளாடு, சொன்ன பேச்சு கேக்காது! அய்யோ, கதவையே தூக்கிட்டியளே... போச்சு! செவலை போயிட்டு. குட்டி ரெண்டும் போயிட்டு. அந்தா, அடுத்த வளவு கிரேஸ் மதினியோட கீரப் பாத்திக்குள்ள... ஏ மதினி! வெரட்டாதீய மதினி, பொறவு வந்து சொல்லுதேன்!

என்ன... என்னத்தச் சொரண்டுதிய? சுண்ணாம்புக்கு அடியில பச்சையா? ஆமா, எஸ்டேட்டுப் பச்ச. வண்டிக்குள்ள மேக்கூரையிலயும் அதே பச்சதான் இருக்கும், வந்து பாருங்க. ...புதுக் கதவத் தெறந்துக்கிட்டு இத வைங்க, வச்சுப் பாருங்க. நான் ஒரு பக்கம் பிடிக்கேன். ஏளா இசக்கி, தள்ளி நில்லு! ...கீலு ரெண்டும் நேரா வருதா? ஓட்ட ஓட்டயோட சேருதா? அப்ப இது இந்த வண்டிக் கதவுதான? அப்ப அம்பத்திரெண்டு இல்லயா? நாப்பத்தெட்டா? வாய விட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி, தலைய மட்டும் ஆட்டாதீய!

...எடுத்துக்கிடுதியளா? நெசமாவா?

போவட்டும்! ஆடு எங்க வேணாலும் போவட்டும். கிரேஸ் மதினி ஏசுனா ஏசட்டும். இந்தாங்க, பிள்ளையப் பிடிங்க. அழ மாட்டா, உங்க மீசையப் பிடிச்சு இழுப்பா, அம்புட்டுத்தான். முக்குல எஸ்.டி.டி. பூத்து இருக்கு. ஏஜெண்டு குடுத்த காலண்டர்ல நம்பர் போட்டிருக்கு, அதக் கிழிச்சிட்டு ஓடுதேன். நான் இதுவரைக்கும் போன்ல பேசுனதில்ல... பரவால்ல. 'பாஸ்போட்டக் குடுக்காதீய, வீட்டுக்கு வாங்க'ன்னு சொல்லணும், அம்புட்டுத்தான? ஓடியாந்துருதேன். ஒரு கையால பிள்ளையப் பிடிங்க, ஒரு கையால கதவப் பிடிங்க. ரெண்டையும் கீழ வச்சிராதீய அண்ணாச்சி!