ஆஸ்டினின் பதினேழாவது இணைப்பு

கடலூரில் பழைய கார் வாங்க நினைக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய யோசனை ஒன்றுதான். வண்டியை நின்றுகொண்டு பார்க்காதீர்கள், தரையில் படுத்துப் பாருங்கள். மேலே இருப்பதைப் பெயிண்ட் அடித்து மறைத்துவிடலாம். உப்புக் காற்று கீழேயிருந்துதான் தின்னத் தொடங்கும். இதை என் கணவர் செந்தமிழ்செல்வனிடமும் சொன்னேன். அவர் அப்போது பானட்டில் கை வைத்தபடி போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார்.

இன்ஸ்பெக்டர் மேடம், முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். நடுவில் அழமாட்டேன். நீங்கள் எழுதும் வேகத்துக்கு நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். வகுப்பில் அப்படிச் சொல்லித்தான் பழக்கம்.

என் பெயர் லோகநாயகி. சொந்த ஊர் கம்மாபுரம். ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் பதினெட்டு வருடமாக வெல்டிங் சொல்லிக்கொடுக்கிறேன். என்னிடம் படித்தவர்கள் கப்பல் தளங்களிலும் வளைகுடாவிலும் வேலை பார்க்கிறார்கள். என் கணவர் மனை வாங்கி விற்பவர். புதிதாக யாரையாவது சந்தித்தால், "மிஸஸ் டீச்சரா இருக்காங்க" என்று என்னைப் பற்றிச் சொல்வார். என்ன பாடம் என்று அவர்கள் கேட்டுவிட்டால், "டெக்னிக்கல் சைடு" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார். கட்டிய மனைவி இரும்பு ஒட்டுகிறாள் என்பது அவருக்குக் கொஞ்சம் கூச்சமான விஷயம். நான் அதைப் பெரிதுபடுத்தியதில்லை. சிறிய மனிதர்களுக்குச் சிறிய கூச்சங்கள் இருக்கும்.

கார் என் மாமனாருடையது. வக்கீலாக இருந்தவர். 1951 மாடல் ஆஸ்டின். அவர் போன பிறகு தேவனாம்பட்டினம் சாலையில் இருக்கும் எங்கள் வீட்டுக் கொட்டகையில் தார்ப்பாய்க்குக் கீழே முப்பது வருடம் கிடந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால், யாரோ பழைய காரைப் புதுப்பிக்கும் வீடியோ ஒன்றை என் கணவர் பார்த்தார். மறுவாரமே தோல் கையுறை, முகமூடி, கிரைண்டர், வெல்டிங் மெஷின் எல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டன. 'அப்பாவின் ஆஸ்டின்' என்று ஒரு சேனலும் தொடங்கினார். கேமரா பிடிக்க அவருடைய நண்பர் பாலகுமார் வந்தார். வேலை தெரிந்தவர் மட்டும் யாரும் வரவில்லை.

எட்டுப் பேர் சேர்ந்து காரின் மேல்கூட்டைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். அப்போதுதான் சேஸிஸ் முழுசாகத் தெரிந்தது. காரின் முதுகெலும்பு அது. உள்ளே வெற்றிடமாக இருக்கும் இரண்டு நீளப் பெட்டிகளும், குறுக்கே நாலு சட்டங்களும். நான் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்து வலது பக்கம் வைத்து அழுத்தினேன். அப்பளத்தில் போவதுபோல் உள்ளே போயிற்று. என் கணவர் பாலகுமாரிடம் கேமராவை நிறுத்தச் சொன்னார்.

அன்றைக்கு மாலை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "லோகா, நீ கொஞ்சம் பாரேன்" என்றார்.

பார்த்தேன். நாலு மாதம், வேலை முடிந்து வந்த மாலைகளிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் பார்த்தேன். துரு தின்ற இடங்களை வெட்டி எடுத்து, புதுத் தகடு வளைத்து வைத்துப் பற்றவைத்தேன். சூட்டில் சட்டம் முறுக்கிக்கொள்ளக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு இணைப்புக்குப் பிறகும் மூலைக்கு மூலை டேப் பிடித்து அளந்தேன். பதினாறு இணைப்புகள். அந்த நாலு மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டில் எனக்குப் பிடித்த வேலையை நான் செய்தது அப்போதுதான்.

முகமூடியும் தோல் கோட்டும் கையுறையும் போட்டுக்கொண்டால் உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்று தெரியாது. வீடியோவில் முதலில் என் கணவர் முகம் வரும். பிறகு தீப்பொறி பறக்க என் கைகள் வரும். மறுபடியும் அவர் முகம், நெற்றியைத் துடைத்தபடி. ஆயிரக்கணக்கில் பார்த்தார்கள். 'செல்வன் சார் கைக்குத் தங்கக் காப்பு போடணும்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் அதை எனக்கே வாசித்துக் காட்டினார். நீங்கள் நினைப்பதுபோல் எனக்குக் கோபம் வரவில்லை, மேடம். கோபம் நமக்குச் சமமானவர்கள் மேல் வருவது. அவர் வாசித்துக்கொண்டிருந்தபோது நான் அவருடைய நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு மாதமாக சேஸிஸ் வேலை செய்கிறவரின் நகங்கள் அவ்வளவு சுத்தமாக இருந்தன.

அவருடைய தங்கை கயல்விழி சிதம்பரத்தில் ஒரு வங்கியில் இருக்கிறாள். பொங்கலுக்கு வந்திருந்தாள். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது டிவியில் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினார். கயல் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"அண்ணா, இது அண்ணி கை."

"ஏன் அப்டி சொல்ற?"

"பீச்சாங்கையால ராடு புடிச்சிருக்காங்க பாரு. நீ சோத்தாங்கைக்காரன்தான?"

அவர் சிரித்தார். "அவ சும்மா ரெண்டு எடத்துல புடிச்சா. நான் பக்கத்துல நின்னு சொல்லச் சொல்லத்தான் செஞ்சா."

கயல் என்னைப் பார்த்தாள். நான் அவள் இலையில் இன்னும் கொஞ்சம் பொங்கல் வைத்தேன்.

அன்றிலிருந்து அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தங்கை கண்டுபிடித்ததை வேறு யாரும் கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வது. அதனால் மிச்சமிருந்த கடைசி இணைப்பை, பதினேழாவதை, தானே போடுவது என்று முடிவு செய்தார். வலது கையால், முகம் தெரிய, கேமரா முன்னால்.

"அது ஸ்டீயரிங் பாக்ஸ் உக்கார்ற எடம்ங்க. வேணும்னா பின்பக்கம் ஒரு எடத்த வெட்டித் தரேன், அங்க போடுங்க" என்றேன். வேண்டிய எச்சரிக்கையை நான் கொடுத்தேன் என்பதைக் கவனியுங்கள்.

"எல்லாம் ஒண்ணுதான் லோகா. நாலு மாசமா பாத்துக்கிட்டுதான இருக்கேன்" என்றார்.

போட்டார். துருவைச் சுரண்டவில்லை. கரண்டைக் குறைத்து வைத்துக்கொண்டு, ஏதோ பயந்து ஓடுகிறவர் மாதிரி ராடை இழுத்துக்கொண்டு போனார். உருகிய இரும்பு தகட்டுக்குள் இறங்கவே இல்லை. எறும்புப் புற்று மாதிரி மேலே குமிழ் குமிழாக உட்கார்ந்துகொண்டது. முதல் மாதத்தில் என் மாணவர்கள் அதைவிட நன்றாகப் போடுவார்கள். அவர் முகமூடியைத் தூக்கி கேமராவைப் பார்த்துச் சிரித்தார். பாலகுமார் கை தட்டினார்.

மறுநாள் அவர் ஒரு பத்திரப் பதிவுக்காகக் குறிஞ்சிப்பாடி போயிருந்தார். மதியம் மூன்று மணி இருக்கும். நான் சுத்தியலை எடுத்து அந்த இணைப்பில் மெதுவாகத் தட்டினேன். மூன்றாவது தட்டில் ஓரத்தில் தலைமுடி கனத்துக்கு ஒரு விரிசல் ஓடிற்று. அதை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி போட எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். செய்யலாம் என்றுதான் கிரைண்டரைக் கையில் எடுத்தேன். இதைப் பொய்யாகச் சொல்லவில்லை. ஆனால் செய்திருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அவர் முகத்தோடு இருக்கும் வீடியோ அப்படியே இருக்கும். இணைப்பு மட்டும் என்னுடையதாக இருக்கும். பதினாறைக் கொடுத்தது போதும் என்று பட்டது.

அதனால் அவர் போட்ட குமிழ்களைக் கிரைண்டர் வைத்துச் சமமாகத் தேய்த்தேன். ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சத்தையும் அந்தத் தேய்ப்பு எடுத்துவிடும். முதல் வருடப் பாடம் அது, எனக்குத் தெரியாமல் இல்லை. பெயிண்டுக்கு முன்னால் பள்ளத்தை அடைக்கப் பூசும் புட்டியை விரிசலில் வைத்து நிரப்பினேன். பிரைமர் அடித்து, மேலே கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். காய்ந்த பிறகு நானே கை வைத்துத் தடவிப் பார்த்தேன். விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

வண்டி முழுசாகி, அரக்கு நிறம் அடித்து, ஓட ஆரம்பித்தது. தெருவுக்குள் ஓட்டிப் பார்த்தபோதெல்லாம் தாங்கியது. பழைய கார் வைத்திருப்பவர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடலூரிலிருந்து சிதம்பரம் வரை போவதாக ஏற்பாடு. மேல வீதிப் பக்கம் ஒரு மண்டபத்தில் பாராட்டு விழா.

முந்தின நாள் சனிக்கிழமை மதியம் நான் அடுப்படியில் சுறாப்புட்டு கிளறிக்கொண்டிருந்தேன். அவர் வந்து வாசற்படியில் நின்றார். கேமராவும் இல்லை, பாலகுமாரும் இல்லை.

"லோகா, நான் போட்டது தாங்குமா? உண்மையச் சொல்லு."

நான் கரண்டியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன்.

"போய்ப் பாத்தேன். உன் வேல மாதிரியே வழுவழுன்னு இருக்கு. நீ எதுனா பண்ணியா?"

"பெயிண்ட் மட்டும்தான் அடிச்சேன். மத்தது உங்களுது."

"அப்ப தாங்கும்?"

"தாங்கும்" என்றேன்.

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் முதல் மதிப்பெண் வாங்கிய பையன் மாதிரி. அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டு, "நாளைக்கு மேடையில உம் பேரச் சொல்லிடலாம்னு இருக்கேன். நான் ஒண்ணுதான் போட்டேன், மத்ததெல்லாம் அவுங்கன்னு" என்றார். நான் சரி என்றேன். நம்பவில்லை. மேடை ஏறினால் அவருக்கு வேறு யார் பெயரும் நினைவுக்கு வராது என்பது எனக்குத் தெரியும். சுறாப்புட்டை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலை கயலும் வந்திருந்தாள். காரின் முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். "அண்ணி, நீங்க முன்னாடி ஒக்காருங்க. இது உங்க வண்டி."

அந்த ஊரில் அதைச் சொன்ன ஒரே ஆள் அவள். எனக்குக் கயலைப் பிடிக்கும். அவள் ஏறக் கூடாது என்றால் வண்டி போகக் கூடாது. வண்டி போகக் கூடாது என்றால், பத்துப் பதினைந்து பேர் நடுவில் நான் ஏன் என்று சொல்லவேண்டும். பொறாமையில் சொல்கிறாள் என்று அவர் அதையும் சிரித்தே முடித்துவிடுவார். அதனால், "எனக்குத் தல வலிக்குது கயல். நீ ஒக்காரு" என்றேன். "பெல்ட் கெடையாது, நல்லா புடிச்சுக்க" என்றும் சொன்னேன். என்னால் செய்ய முடிந்ததை நான் செய்தேன்.

புதுச்சத்திரம் தாண்டி, வேகத்தடை ஒன்றில் ஏறி இறங்கியபோது ஸ்டீயரிங் பாக்ஸ் தகட்டோடு பிய்ந்துகொண்டது. கார் எதிர்ப்பக்கம் போய்ப் புளியமரத்தில் மோதியது. அவர் அங்கேயே இறந்துவிட்டார். மரத்துக்கு முன்னால் சைக்கிளில் வந்துகொண்டிருந்த அந்தோணிசாமி என்பவரும் இறந்துவிட்டார் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். அவரை எனக்குத் தெரியாது. அவரைப் பற்றி எனக்கு எந்த அபிப்பிராயமும் இல்லை.

கயலுக்கு இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது, நடக்க நாளாகும் என்கிறார்கள். ஸ்டீயரிங் கையோடு சுற்றியபோது அவள் அண்ணன் கத்தவில்லையாம். "தாங்கும்னு சொன்னாளே" என்று மட்டும் சொன்னாராம். அவள் வாக்குமூலத்தில் அது இருக்கிறது.

அதை வைத்து நீங்கள் என்னைக் கூப்பிட்டீர்கள். நான் ஒன்றும் சொல்லாமல் போயிருக்கலாம். மனைவி ஆறுதலுக்குச் சொன்னாள் என்று நீங்களே விட்டிருப்பீர்கள். ஆனால் உங்கள் சப்-இன்ஸ்பெக்டர் உடைந்த தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "பாத்தீங்களா மேடம், உள்ள புட்டி வச்சிருக்கான். தப்பா போட்டுட்டு எவ்ளோ சுத்தமா மறைச்சிருக்கான், கைகாரன்தான்" என்றார். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். அந்தத் தேய்ப்பு அவருக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது. அதைச் செய்தது நான். விரிசல் இருப்பது தெரிந்து தேய்த்தேன், தெரிந்து மறைத்தேன், தாங்காது என்று தெரிந்து தாங்கும் என்றேன். அவர் சாகவேண்டும் என்று நினைத்தாயா என்று கேட்டீர்கள். அவர் போட்ட இணைப்பு உடையவேண்டும் என்று நினைத்தேன். அது உடையும்போது அவர் எங்கே உட்கார்ந்திருப்பார் என்பதும் எனக்குத் தெரியும்.

கொஞ்ச நேரத்துக்கு முன்னால், அவர் சட்டைப் பையில் இருந்ததாக ஒரு காகிதத்தைக் காட்டினீர்கள். மேடையில் பேச எழுதி வைத்திருந்தது. பதினாறு இணைப்பும் தன் மனைவி செய்தது, தான் வெறும் மாணவன் என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்தால் நான் உடைந்துவிடுவேன் என்று எதிர்பார்த்தீர்கள். படித்தேன். லோகனாயகி என்று இரண்டு சுழி 'ன' போட்டு எழுதியிருக்கிறார். இருபது வருடம் கூட இருந்தவர்.

பேனாவைக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அதற்கு முன்னால், செய்தது யார் என்ற இடத்தில் என் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறீர்களா என்று ஒருதரம் பார்த்துக்கொள்கிறேன்.