வரைந்தவர் பெயர்

— கெஞ்சினா மனசு மாறுறதுக்கு அது என்ன உங்க மாமியாரா, வோய்னியா சார்? டிசைனைச் சோதிக்கிற மென்பொருள் சிவப்பு காட்டினா சிவப்புதான்.

— விளையாடாதே ஸ்மரந்தா. பத்து மணிக்கு மருந்துக் கம்பெனிக்காரங்க வந்துடுவாங்க. இன்னும் கால் மணி நேரம்தான். பச்சை வராம டிசைனைத் திறக்கவே விடாது. எங்க ஓட்டை?

— டிசைன்ல ஓட்டையே இல்ல. மருந்து கேக்குறவர், அனுமதி தர்றவர், கிடங்குல எடுத்துக் குடுக்குறவர், எல்லாக் கோடும் நேரா போகுது. எட்டு மாசம் நான் குந்தி வரைஞ்சது, எப்படிக் கோணும்?

— அப்புறம் என்ன வந்துச்சு அதுக்கு?

— கீழ பாருங்க. வரைந்தவர், ஒக்டாவியன் வோய்னியா. ஒப்புதல் தந்தவர், ஒக்டாவியன் வோய்னியா. செய்யறவரும் சரின்னு சொல்றவரும் ஒரே ஆளா இருக்கக் கூடாது. மருந்துச் சீட்டுக்கும் அதான் விதி, நமக்கும் அதான்.

— ஒரு விதிதானேம்மா, அணைச்சுடு. வர்ற வழியில உனக்குன்னு சூடா எள்ளு ரொட்டி வாங்கியாந்திருக்கேன் பாரு.

— எட்டு மாச உழைப்புக்கு ஒரு எள்ளு ரொட்டியா? இதைக் காட்டித்தானே புக்கரெஸ்ட்ல தலைமைப் பதவி கேட்டிருக்கீங்க? அணைக்க முடியாது சார். யாருக்கும் விலக்கு கிடையாதுன்னு கையெழுத்துப் போட்டதே நீங்கதான். ரெண்டு வருஷம் முன்னாடி நான் ஒரு டிசைன்ல அம்புக்குறியைத் தப்பாத் திருப்பிப் போட்டேனே, அன்னைக்கு.

— அதெல்லாம் எவனுக்கு ஞாபகம்?

— எனக்கு. "ஆட்டுக்காரன் மகளுக்கு ஆடு எண்ணத்தான் தெரியும்"னு இருபது பேர் முன்னாடி சொன்னீங்க. மரமுரேஷ் மலையில எங்கப்பா பாலாடைக்கட்டி வித்துத்தான் என்னைப் படிக்க வச்சாரு. அன்னைக்கு எல்லாரும் சிரிச்ச சிரிப்பு இன்னும் என் காதுல கேக்குது.

— சரி சரி. வேற யாராவது ஒப்புதல் தரட்டும்.

— அந்த உரிமையையும் நீங்க ஒருத்தரே சுருட்டி வச்சிருக்கீங்களே.

— அப்ப வரைந்தவர் இடத்துல உன் பேரையே போட்டுத் தொலைக்கிறேன். பேசப் போறது நான்தானே. கீழ பொடி எழுத்துல நீ இருந்தா யார் கண்ணுல படப் போகுது?

— போடுங்க.

— காரணம் கேக்குதே!

— பேரை மாத்தினா கேக்கும்.

— "தட்டச்சுப் பிழை"... ஏய், துப்பிடுச்சு!

— அந்தச் சாக்கை நான் சொன்னப்ப தடை பண்ணினது யாரு? செஞ்சது யாரு, என்ன செஞ்சாங்க, பேரோட முழு வாக்கியமா எழுதணும்.

— ஆறு நிமிஷம்தான் இருக்கு. எதைத்தான் எழுதறது?

— உண்மையை எழுதிப் பாருங்க. பழகாத வேலை, கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

— "இதை வரைந்தவர் ஸ்மரந்தா பிர்லியா. ஒக்டாவியன் வோய்னியா ஆகிய நான் என் பெயரைப் போட்டுக்கொண்டேன்." பச்சை! கடவுளே, பச்சை! இந்தக் குப்பையை யாரு படிக்கப் போறா? நீ ரொட்டியைத் தின்னு. நான் கீழ போய் அவங்களை அழைச்சுட்டு வரேன்.

— போய்ட்டு வாங்க. பச்சை விழுந்ததுமே நீங்க எழுதின அந்தக் காரணம், டிசைனோட முதல் பக்கமா அவங்க மெயிலுக்குத் தானாவே போயிருக்கும். அன்னைக்கு என் அம்புக்குறிக் கதை வாடிக்கையாளர் வரைக்கும் நாறணும்னு நீங்க போட்ட விதி சார் அது. அதையும் நான் அணைக்கல.