பின்சக்கரத்துச் சாக்பீஸ் கோடு

பழைய காருக்குப் பெரிய சக்கரம் மாட்டுவதில் தவறு ஒன்றும் இல்லை. வயசுப் பையன்கள் ஆசைப்படத்தான் செய்வார்கள். முப்பது வருடம் பட்டறை வைத்திருப்பவன் அதற்கெல்லாம் முகம் சுளிக்கக் கூடாது. காபிக்கு நன்றி, ஐயா. ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன்.

ஓக்னியன் எங்கள் ஊர்ப் பள்ளியில் கணக்கு வாத்தியார். அவனுடைய கார் அவனைவிட இரண்டு வயது மூத்தது. பதினான்கு அங்குலச் சக்கரங்களைக் கழற்றிவிட்டுப் பதினேழு அங்குலம் மாட்டியிருந்தான். செப்டம்பரில் என்னிடம் வந்தான்.

"ஸ்ரெத்தெண்ணே, பின்னாடி உரசுது. பள்ளத்துல இறங்கினா பூனை வாலை மிதிச்ச மாதிரி கத்துது."

"எப்பவுமா?"

"தனியா போனா ஒண்ணுமில்ல. பின்னாடி ஆள் ஏறினாத்தான்."

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. சக்கரத்துக்கு மேலே, மட்கார்டின் உள்விளிம்பில் சாக்பீஸால் ஒரு கோடு போட வேண்டும். பின்சீட்டில் ஆளை உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டினால், டயர் தொட்ட இடத்தில் கோடு அழிந்திருக்கும். முதலில் ஓக்னியனையே வலப்பக்கம் உட்காரவைத்து ஓட்டினேன். எழுபது கிலோ. கோடு அப்படியே இருந்தது. பிறகு அதே இடத்தில் உட்கார, எதிரே கசாப்புக்கடை வைத்திருக்கும் பருத்த உடம்புக்காரர் விதோமிரைக் கூப்பிட்டேன்.

"என்னடா, என்னை எடைக்கல்லாவே ஆக்கிட்டியா?" என்று முனகிக்கொண்டே ஏறினார். "கல்லுன்னா குடிக்க ராக்கியா சாராயம் கேக்காது. நான் கேப்பேன்."

திரும்பி வந்து பார்த்தபோது கோடு இருந்த தடமே இல்லை.

ஸ்பிரிங்குக்கு அடியில் கொடுக்கும் ரப்பர் கட்டைகள் வர இரண்டு மாதம் ஆகும் என்றேன். அதுவரை பின்னால் ஆள் ஏற்றாதே என்றும் சொன்னேன். சரியென்று தலையாட்டினான். வெள்ளிக்கிழமைதோறும் காற்றுப் பார்க்க வருவான். நான் இரண்டு பக்கமும் புதிதாகக் கோடு போட்டு அனுப்புவேன்.

முதல் வெள்ளிக்கிழமையே வலப்பக்கக் கோடு அழிந்திருந்தது. இடப்பக்கம் அப்படியே இருந்தது.

"யாரையாவது ஏத்தினியா?"

"இல்லண்ணே. நான் மட்டுந்தான்." சொல்லும்போது தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வியாழக்கிழமைகளில் அவனுக்கு வகுப்பு கிடையாது. வியாழக்கிழமைகளில்தான் என் மனைவி ஸ்தமேனாவும் உஜித்சேயில் இருக்கும் அத்தையைப் பார்க்கப் பேருந்தில் போகத் தொடங்கியிருந்தாள். பேருந்துக்கு நேரமாகும் முன்பே கிளம்பிவிடுவாள். அவள் மேலங்கியை நான் முகர்ந்து பார்த்தேன். மறைப்பதற்கில்லை. வாசனைத் தைலம் எதுவும் மணக்கவில்லை. மருந்து நெடி அடித்தது. அடுத்த வெள்ளியும் வலப்பக்கம் மட்டும் அழிந்திருந்தது. அதற்கடுத்த வெள்ளியும். நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சத்தம் போடுவது என் சுபாவம் இல்லை.

நான் கடவுளுக்குப் பயந்தவன். தேவாலயத்தில் மெழுகுவர்த்தி விற்கும் பொறுப்பு என்னுடையது. எங்கள் கோயிலில் மெழுகுவர்த்தித் தாங்கிக்கு இரண்டு தட்டு. மேல்தட்டு உயிரோடு இருப்பவர்களுக்கு, கீழ்த்தட்டு இறந்தவர்களுக்கு. கிழவிகள் கண் தெரியாமல் மாற்றி வைத்தால் நான்தான் எடுத்துச் சரியான இடத்தில் நடுவேன்.

என் தம்பி மிலாதினைப் பற்றியும் கேட்டீர்கள். பதினோரு வருடமாகப் பேச்சு இல்லை. அப்பாவை அடக்கம் செய்த வாரமே, எங்கள் குடும்பப் புனிதரின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றித் தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். அதற்குப் பிறகு வருடாவருடம் புனிதர் நாள் விருந்துக்கு, படம் இருக்கும் வீடு என்று ஊரே அவன் வீட்டுக்குப் போனது. என் வீட்டில் அன்றைக்கு வெட்டும் சடங்கு ரொட்டியை நானும் ஸ்தமேனாவும் மட்டும் வெட்டினோம். அதையெல்லாம் மன்னித்துவிட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் அவன் பெயருக்கு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவருகிறேன்.

நவம்பரில் கட்டைகள் வந்தன. புதன்கிழமை காரை எடுத்துக்கொண்டேன். இடப்பக்கம், பெயின்ட் வெடிக்காமல் இளஞ்சூடு காட்டி, விளிம்பை உட்புறமாகத் தட்டையாக மடக்கினேன். ஸ்பிரிங்குக்குக் கட்டை கொடுத்தேன். அவ்வளவு சுத்தமான வேலையை நான் அடிக்கடி செய்ததில்லை.

வலப்பக்கம் கட்டை வைக்கவில்லை. டயர் அங்கே உள்ளிருந்த பிளாஸ்டிக் உறையில் உரசித்தான் கத்திக்கொண்டிருந்தது. அந்த உறையை எடுத்துவிட்டேன். சத்தம் போய்விட்டது. உறைக்குப் பின்னால் இருந்த தகர விளிம்பை மடக்காமல், அரத்தால் கொஞ்ச நேரம் தேய்த்தேன். மழுங்குவதற்காக அல்ல.

விதோமிரை இந்தத் தடவை இடப்பக்கம் உட்காரவைத்து ஓட்டிக் காட்டினேன். ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை. ஓக்னியன் குழந்தை மாதிரி சிரித்தான். ஒரு ஜாடி தேன் கொண்டுவந்திருந்தான்.

"இனிமே ஆள் ஏத்தலாமாண்ணே?"

"தாராளமா ஏத்து."

அன்று சாயங்காலம் ஸ்தமேனாவிடம், நாளைக்கு விருந்தாளிகள் வருகிறார்கள், நோன்புக்கு ஏற்ற மாதிரி எண்ணெய் ஊற்றி அவரைக்கொட்டைச் சூப் வை என்றேன்.

"நாளைக்கு வேண்டாமே. அத்தை காத்துக்கிட்டு இருப்பாங்க."

"ஒரு வாரம் பொறுத்துக்குவாங்க."

அவள் முற்றத்துக்குப் போய் யாருடனோ போனில் தாழ்ந்த குரலில் பேசினாள். நான் அவளுக்கு உதவியாக வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் விருந்தாளி யாரும் வரவில்லை. வருவதாக யாரும் சொல்லியிருக்கவும் இல்லை.

மலையிறக்கத்தில் ஒன்பதாவது வளைவில் டயர் கிழிந்தது. மீதியை நீங்களே அளந்து எழுதியிருக்கிறீர்கள். ஓக்னியனுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. பின்சீட்டில் வலப்பக்கம் இருந்த மிலாதின் அங்கேயே இறந்துபோனான்.

பிறகுதான் ஊர் பேசியது. மிலாதினுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்க வேண்டியிருந்ததாம். செவ்வாயும் சனியும் ஆஸ்பத்திரி வண்டி வரும், வியாழக்கிழமை வராது. அன்றைக்கு வாத்தியார் கூட்டிப் போனான். படியேறக் கைபிடித்துவிட ஸ்தமேனா முன்சீட்டில் போனாள். தம்பி பெயரைக் கேட்டாலே என் முகம் மாறிவிடும் என்று என்னிடம் மறைத்தார்கள். ஓக்னியன் படுக்கையில் கிடந்துகொண்டு ஸ்தமேனாவிடம் சொன்னானாம்: "அண்ணன் மேல தப்பு இல்லக்கா. ஏத்தாதேன்னுதான் முதல்லயே சொன்னாரு. அதைக் கேக்காம அவர்கிட்டப் பொய் சொன்னவன் நான்." நல்ல பையன். அவனுக்கு நான் கெடுதல் நினைத்ததில்லை.

மனைவிமேல் சந்தேகம், அந்த வெறியில் செய்துவிட்டான் என்று நீங்கள் எழுதி வைத்திருக்கிறீர்கள். ஊரும் அப்படித்தான் சொல்கிறது. சிலர் எனக்காக இரக்கப்படவும் செய்கிறார்கள். இரண்டு நாள் நானும் அதை மறுக்கவில்லை. ஆனால் பொய்யின் கீழே கையெழுத்துப் போட மனம் வரவில்லை, ஐயா.

ஸ்தமேனா ஐம்பத்தைந்து கிலோ. அவள் எங்கே உட்கார்ந்தாலும் அந்தக் கோடு அழியாது. எழுபது கிலோவுக்கே அழியவில்லை. விதோமிரைப் போன்ற உடம்பு எங்கள் ஊரில் இன்னும் ஒருவனுக்குத்தான் உண்டு. முதல் வெள்ளிக்கிழமை, சக்கரத்துக்கு மேலே டார்ச் அடித்துப் பார்த்தபோதே எனக்குத் தெரியும்.

அவனை மன்னித்தேன் என்று சொன்னதை மட்டும் வாக்குமூலத்திலிருந்து அடித்துவிட வேண்டாம். பாதிரியாரையே கேட்டுப் பாருங்கள். பதினோரு வருடம், ஒரு ஞாயிறு தவறாமல், அவனுக்கு என் கையால் மெழுகுவர்த்தி ஏற்றினேன். கீழ்த்தட்டில்.